தானே ஏறி, தானே நிறுத்தி: மகளுக்கேற்ற சைக்கிள் எது?

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் நாட்களில் தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் அதிகம் காதில் விழும் கேள்விகள் மூன்று: விலை என்ன, என்னென்ன நிறம் இருக்கிறது, முன்னால் கூடை உண்டா? யாருக்காக வண்டி வாங்குகிறார்களோ அந்தப் பெண் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். அவளைச் சீட்டில் உட்காரவைத்துப் பார்ப்பதற்குள் பேரம் முடிந்து ரசீதும் எழுதியாகிவிடும்.

அடுத்த நான்கைந்து ஆண்டுகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் கடைக்கும் அவள் ஓட்டப்போகும் வண்டி அது. அதனால் முதலில் கேட்க வேண்டியவை வேறு. யாரும் பிடித்துக்கொள்ளாமல் அவளால் ஏறி இறங்க முடிகிறதா? குறுக்கே ஓர் ஆட்டோ திரும்பினால் நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதா? நடுவழியில் செயின் கழன்றால் அவளே மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர முடியுமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் அது அவளுக்கேற்ற வண்டி. லேடீஸ் சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவிலுள்ள பார் தாழ்ந்திருப்பது முதல் கேள்விக்குப் பாதி பதில் தருகிறது. மீதிப் பதில்களை வாங்குபவர்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

பார் தாழ்ந்த வரலாறு

இன்றைய சைக்கிளின் வடிவம் 1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியிலிருந்து வருகிறது. அதற்கு முன் பேர்போன வண்டிகளில் முன்சக்கரம் ஆள் மார்பளவு உயரம் இருக்கும். கணுக்கால்வரை பாவாடை அணிந்த அந்தக் காலத்துப் பெண்கள் அதன் மேல் ஏறுவது நடவாத காரியம். ரோவரில் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின். 1888-இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்ததும் குலுக்கல் குறைந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே மேல் பாரை வளைத்துக் கீழே இறக்கிய பெண்கள் சைக்கிள் விற்பனைக்கு வந்துவிட்டது. காலைத் தூக்கிச் சுழற்ற வேண்டியதில்லை. நடுவில் காலை நுழைத்தே ஏறிவிடலாம். துணி சிக்காமலிருக்கச் செயினுக்கு மூடி, பின்சக்கரத்தின் இருபுறமும் மட்கார்டிலிருந்து அச்சுவரை இழுத்துக் கட்டிய நூல் வலை ஆகியவையும் அப்போதே சேர்ந்துகொண்டன. அமெரிக்க மதுவிலக்கு இயக்கத் தலைவர் பிரான்சஸ் வில்லார்ட் 53 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, அந்த அனுபவத்தை 1895-இல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார்.

நெதர்லாந்தில் இந்த வடிவம் பெண்களோடு நின்றுவிடவில்லை. தட்டையான ஊர்கள், அடிக்கடி நின்று புறப்படும் பயணம், முன்னும் பின்னும் சாமான். இப்படிப்பட்ட அன்றாட ஓட்டத்துக்குத் தாழ்ந்த பாரும், நிமிர்ந்து உட்காரும் அமைப்பும், முழுக்க மூடிய செயினும் கொண்ட கனமான வண்டியே வசதி என்று அங்குள்ள ஆண்களும் முதியவர்களும் அதை ஓட்டுகிறார்கள்.

பாரை இறக்கியதால் ஓர் இழப்பும் உண்டு. உயர்ந்த பார் உள்ள வண்டியின் ஃபிரேம் முக்கோண அமைப்பு. எடை எந்தப் பக்கம் விழுந்தாலும் எளிதில் வளையாது. பாரைக் கீழிறக்கும்போது அந்த முக்கோணம் குலைகிறது. பின்னால் பாரம் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போனால் சில வண்டிகளில் ஹேண்டில்பார் லேசாக ஆடுவது இதனால்தான். அதை ஈடுகட்டக் குழாய்களைத் தடிமனாக்குகிறார்கள், எடை கூடுகிறது. நம் ஊரில் கிடைக்கும் எஃகு ஃபிரேம் லேடீஸ் சைக்கிள்கள் பொதுவாக 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது தன் எடையில் ஏறக்குறைய பாதி. தினமும் இரண்டு படி ஏற்றி வீட்டுக்குள் நிறுத்த வேண்டுமென்றால், அவளால் முடிகிறதா என்று கடையிலேயே பின்பக்கத்தைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம்.

புதுக்கோட்டையின் சாட்சி

தமிழ்நாட்டில் பெண்ணும் சைக்கிளும் என்று பேச்செடுத்தால் புதுக்கோட்டையைத் தாண்டிப் போக முடியாது. 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள், அறிவொளித் தொண்டர்கள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டிப் பெண்கள் சாரிசாரியாகச் சைக்கிளில் ஊர்வலம் வந்த காட்சி அந்த மாவட்டத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய கட்டுரையால் அந்தச் செய்தி நாடெங்கும் பரவியது. தண்ணீர்க் குடம், விளைபொருள், குழந்தை என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திராமல் அவர்கள் போய்வந்தார்கள்.

அந்தக் கட்டுரையில், சைக்கிள் வாங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு விவரம் இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் விற்பனை அப்போது மும்மடங்குக்கு மேல் கூடியதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். ஆனாலும் தேவைக்குப் போதவில்லை. பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். காரணம் எளிது: சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவிலுள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். தங்கள் வேலை என்ன, உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்து அந்தப் பெண்களே முடிவு செய்தார்கள்.

பன்னிரண்டு வயது மகளுக்குத் தூக்க வேண்டிய குழந்தை இல்லை. அவளுக்கு இருப்பவை புத்தகப் பை, சீருடைப் பாவாடை அல்லது சுடிதார், சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் சாலை. இந்த மூன்றுக்கும் தாழ்ந்த பாரே பொருந்துகிறது. வண்டி சாயும்போது சட்டென்று இரண்டு காலையும் தரையில் ஊன்றிவிடலாம் என்பது அதன் ஆகப்பெரிய நன்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “பார் வைத்த வண்டியாக வாங்கினால் அப்பாவும் எடுத்துக்கொள்ளலாம், தம்பிக்கும் ஆகும்” என்று பல வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். எல்லோருக்கும் ஆகும் வண்டி காலை எட்டரை மணிக்கு வேறு யாரிடமாவது இருக்கும். மகள் நடந்து போவாள். அவள் அளவுக்கு வாங்கிய வண்டி அவளுக்காக வாசலில் நிற்கும்.

‘வளர்ற பிள்ளை’ என்ற கணக்கு

லேடீஸ் சைக்கிள் வாங்குவதில் அதிகம் நடக்கும் தவறு அளவில்தான். உயர்ந்த பார் உள்ள வண்டி பெரிதாக இருந்தால் நின்று பார்த்த உடனே தெரிந்துவிடும்; பார் இடிக்கும். தாழ்ந்த பார் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. எவ்வளவு பெரிய வண்டியிலும் நடுவில் நின்றுவிடலாம். அதனால், சீருடையை இரண்டு அளவு பெரிதாகத் தைத்து மடித்துவிடுவது போல, ‘வளர்ற பிள்ளைதானே’ என்று 26 அங்குல வண்டியை ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கு வாங்கிவிடுகிறார்கள். மடித்துத் தைத்த பாவாடையால் யாரும் விழுவதில்லை. எட்டாத வண்டியால் விழுவார்கள்.

கடைகளில் அளவு என்று சொல்வது சக்கரத்தின் அளவை. தோராயமாக 130 செ.மீ. உயரம்வரை 20 அங்குலம், 130 முதல் 145 செ.மீ. வரை 24 அங்குலம், அதற்கு மேல் 26 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. ஒரே உயரமுள்ள இரு பெண்களில் ஒருத்திக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருத்திக்கு உடல் நீளமாக இருக்கும். ஆகவே உட்காரவைத்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

பார்க்க வேண்டிய விதம் இது. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடிந்திருக்கும். நீண்ட ஓட்டத்துக்குச் சரியான உயரம் அதுவே. புதிதாகக் கற்பவளுக்கு இரண்டு காலின் விரல்களும் தரையில் நன்றாக ஊன்றும் அளவுக்குச் சீட்டைத் தாழ்த்தி வைக்கலாம். கை பழகப் பழக ஏற்றிக்கொள்ளலாம். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தினால் கம்பி உள்ளே போதிய பிடிப்பில்லாமல் வளையும், ஒடியவும் கூடும்.

அடுத்தது கைக்கு எட்டும் தூரம். தாழ்ந்த பார் வண்டியில் அளவைக் காட்டிக்கொடுப்பது இதுதான். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும்போது முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்த்தால், எட்டாமல் உடம்பு முன்னால் இழுபடக் கூடாது. முழங்காலும் இடிக்கக் கூடாது. உடம்பு இழுபட்டால் அந்த வண்டி அவளுக்குப் பெரிது. சீட்டை எவ்வளவு தாழ்த்தினாலும் அந்தக் குறை தீராது.

சீட்டைப் பற்றியும் ஒரு சொல். நிமிர்ந்து உட்காரும் வண்டியில் உடம்பின் எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்புகளின் மேல் விழுகிறது. ஆகவே அகலமான, கீழே ஸ்பிரிங் உள்ள சீட் பொருத்தமானது. மூக்குப் பகுதி மேல்நோக்கி இருந்தால் வலிக்கும். தரைக்கு இணையாக வைப்பதே நல்லது. மகள் வலியைச் சொல்லக் கூச்சப்படக் கூடும். அம்மாவோ அக்காவோ கேட்டால் சொல்வாள். ஒரு ஸ்பானரால் சரிசெய்துவிடக்கூடிய விஷயம் அது.

நிறுத்தும் கை

பிரேக்கைச் சோதிக்கும்போது பெரியவர்கள் தங்கள் கையால் அழுத்திப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். அழுத்த வேண்டிய கை மகளுடையது. பிடியிலிருந்து விரலை எடுக்காமல் பிரேக் லீவரை அவளால் எட்டிப் பிடிக்க முடிகிறதா? இரண்டு விரலால் அழுத்தி வண்டியை நிறுத்த முடிகிறதா? பல லீவர்களில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதை முறுக்கினால் லீவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் வரும். சிறிய கைகளுக்கு அந்தத் திருகு பெரிய உதவி.

கடைகளில் இன்று பல வகை பிரேக் கிடைக்கிறது. கம்பிகளால் இயங்கும் பழைய லீவர் பிரேக் உறுதியானது, ஆனால் அழுத்தக் கைவலிமை வேண்டும். கேபிளில் இயங்கும் காலிப்பர் பிரேக் இலகுவானது. பவர் பிரேக் என்று கடைக்காரர்கள் சொல்லும் நீண்ட கை கொண்ட பிரேக்குக்கு அழுத்தம் குறைவாகவே தேவைப்படும். பள்ளிப் பெண்ணின் கைக்கு அது நன்றாக ஒத்துவரும். டிஸ்க் பிரேக் பார்வைக்குக் கவர்ச்சியாக இருக்கும். தட்டையான ஊரில் மூன்று நான்கு கிலோமீட்டர் போய்வருபவளுக்கு அது அவசியமில்லை. தட்டு வளைந்தால் எல்லாத் தெருமுனைக் கடையிலும் சரிசெய்யவும் மாட்டார்கள்.

ரிம் எதனால் ஆனது என்பதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பளபளக்கும் குரோம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். நிற்கும் தூரம் கணிசமாக நீளும். அலுமினிய உலோகக் கலவையில் செய்த அலாய் ரிம்மில் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைவு. ஐப்பசி கார்த்திகையில் பள்ளி உண்டு, அடைமழையும் உண்டு. கூடைக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கும் காசை அலாய் ரிம்முக்குக் கொடுப்பது மேல். ஏற்கெனவே எஃகு ரிம் வண்டி இருந்தால், மழையில் முன்கூட்டியே லேசாக பிரேக் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்தப் பழக்க வேண்டும்.

துணியும் சுமையும்

துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கி நேரும் விபத்துகள் கொடுமையானவை, கழுத்தே இறுகிவிடும். எனவே செயின் கவர் முழுமையாக மூடியிருக்கிறதா என்பதையும், பின்சக்கரத்துக்கு இருபுறமும் தடுப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். செயினின் மேல்பாதியை மட்டும் மறைக்கும் கவர் பாவாடைக்கும் பேன்ட் காலுக்கும் போதாது. தடுப்பு இருந்தாலும் துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்வது பழக்கமாக வேண்டும். முழுக் கவருக்கு ஒரு குறை உண்டு: உள்ளே செயின் கழன்றால் மாட்டச் சற்று நேரமாகும். கவரின் பின்பகுதி தனியே கழற்றக்கூடியதாக இருந்தால் அந்தக் குறையும் இல்லை.

கூடை பற்றி. ஹேண்டில்பாரில் மாட்டிய கூடையில் போடும் எடை திருப்பத்தோடு சேர்ந்து திரும்பும். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் வைக்கலாம். முழுப் புத்தகப் பையையும் வைத்தால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் சாயும். மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. நடைமுறையில் அது தாண்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பைக்குப் பின் கேரியரே இடம். கேரியர் சீட்டுக் கம்பியில் மட்டும் தொங்காமல், பின்னச்சின் இருபுறமும் கால் ஊன்றி நிற்பதாக இருக்கட்டும். பட்டைக் கயிற்றின் முனை தொங்கி ஸ்போக்கில் சிக்காமல் கட்டக் கற்றுக்கொடுப்பதும் பெற்றோர் பொறுப்பு.

கியரா, டயரா, கடையா

கியர் இருந்தால்தான் நல்ல சைக்கிள் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வலுவாக இருக்கிறது. கணக்கைப் பார்க்கலாம். முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல், 26 அங்குலச் சக்கரம் என்றால் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 5 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 50 சுற்று என்ற நிதானமான மிதியில் மணிக்கு 15 கி.மீ. வேகம் கிடைக்கிறது. 5 கி.மீ. தூரப் பள்ளிக்கு 20 நிமிடம். தஞ்சை, திருவாரூர், சென்னை போன்ற தட்டையான ஊர்களில் இதற்கு மேல் தேவையில்லை. கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு போன்ற மலையூர்களிலும், மேடு பள்ளம் மிகுந்த பாதைகளிலும் கியர் வேண்டும். அங்கே வாங்குபவர்கள், பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றி வண்டி சாய்ந்து விழுந்தால் வளைந்துபோகும் என்பதையும், பள்ளிச் சைக்கிள் நிறுத்தத்தில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வது அன்றாடம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

டயர் விஷயத்தில் ஒரு மறைவான சிக்கல் இருக்கிறது. 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் குறைந்தது இரண்டு வெவ்வேறு அளவுகள் சந்தையில் உள்ளன. 26×1⅜ என்று எழுதிய டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மி.மீ.; 26×1.75 என்று எழுதிய டயருடையது 559 மி.மீ. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த டயரும் டியூபும் தன் ஊரில் கிடைக்கின்றனவா என்று விசாரித்துவிட்டு வாங்கினால் பின்னால் அலைச்சல் இல்லை. வால் டியூப் என்ற சிறு ரப்பர்க் குழாய் வைத்த பழைய வகை வால்வு உள்ள வண்டியென்றால், அந்தக் குழாயை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். காற்று இறங்குவதற்குப் பாதி நேரம் அது விரிந்துபோனதே காரணமாக இருக்கும், பஞ்சராக இருக்காது.

தமிழ்நாட்டில் பிராண்டுகளுக்குப் பஞ்சமில்லை. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைச் செய்தது. அதன் ‘லேடிபேர்ட்’ ஒரு தலைமுறைப் பெண்களின் பள்ளி நினைவுகளில் இடம்பிடித்த வண்டி. லூதியானாவின் ஹீரோவும் ஏவானும் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. கியர் இல்லாத நல்ல லேடீஸ் சைக்கிள் பெரும்பாலும் 10,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

பிராண்டைவிட முக்கியம் பிட்டிங். சைக்கிள்கள் கடைக்கு முழு வண்டியாக வருவதில்லை. பிரித்துக் கட்டிய பகுதிகளாக வருகின்றன. ஹேண்டில்பார், பெடல், பிரேக், சக்கரம் எல்லாவற்றையும் பூட்டுபவர் கடையிலிருக்கும் மெக்கானிக். வெளியூரிலிருந்து பார்சலில் வரவழைக்கும் மலிவு வண்டியில் இந்த வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது. வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள கடையில் வாங்கினால், ஒரு மாதம் கழித்து வண்டியைத் திரும்பக் கொண்டுபோகலாம். புதிய கேபிள்கள் அதற்குள் தளர்ந்திருக்கும், நட்டுகள் இளகியிருக்கும், சக்கரத்தில் லேசான கோட்டம் தெரியும். அந்த முதல் சர்வீஸைச் செய்யாமல் விடுவதால்தான் பல வண்டிகள் இரண்டாம் ஆண்டிலேயே மாடிப்படிக்குக் கீழே போய்விடுகின்றன.

பழைய வண்டி வாங்குவதிலும் தவறில்லை. 20 அல்லது 24 அங்குல வண்டியைச் சிறுமி இரண்டு மூன்று ஆண்டுகளே ஓட்டுவாள் என்பதால் அது புத்திசாலித்தனமும் கூட. ஃபிரேமின் வெல்டிங் அருகே விரிசல் இருக்கிறதா, முன் போர்க் வளைந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். மற்ற எல்லாவற்றையும் ஓவராலிங்கில் சரிசெய்துவிடலாம்.

வீட்டிலுள்ள பயங்கள்

வெளியே சொல்லாமல் பல வீடுகள் சுமக்கும் ஒரு பயம்: சைக்கிள் ஓட்டினால் ‘கன்னித்தன்மை’ போய்விடுமோ? இதற்குத் தெளிவாகவே பதில் சொல்ல வேண்டும். கன்னித்திரை ஆளுக்கு ஆள் இயல்பிலேயே வேறுபடும். அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, அது ஒழிக்கப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மனித உரிமை, மகளிர் அமைப்புகளும் 2018-இல் கூட்டாக அறிவித்தன. மாதவிடாய் நாட்களில் ஓட்டுவதாலும் தீங்கில்லை. வலியில்லாவிட்டால் வழக்கம்போல் போகலாம்.

சாலையைப் பற்றிய பயம் வேறு வகை. அது நியாயமானது. லாரியும் பேருந்தும் ஓடும் சாலையில் தனியே ஓட்ட, எதிர்வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரிய வேண்டும்; பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கணிப்பு இன்னும் முதிர்ந்திருக்காது. பள்ளிக்குப் போகும் வழியை ஒரு விடுமுறை நாளில் பெற்றோர் அவளோடு சேர்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, நீளமாக இருந்தாலும் உள்தெருக்கள் வழியாகச் செல்லும் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது என்றும் அப்போதே பேசிக்கொள்ளலாம். சைக்கிள் ஓட்டிக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, நெற்றியை மறைத்து உட்காரும் ஹெல்மெட் தலையைக் காக்கும். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் விளக்கும், முன்னால் வெள்ளை விளக்கும் மாலை டியூஷனுக்குப் போகும் பெண்ணுக்குக் கூடையைவிட முதன்மையானவை.

கற்றுக்கொடுப்பதில் தாழ்ந்த பார் மிகவும் கைகொடுக்கும். பார் வைத்த பெரிய வண்டியின் நடுவே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு, முழங்கால் தேய விழுந்து எழுந்து கற்ற தலைமுறை ஒன்று உண்டு. இன்று அந்த அவஸ்தை வேண்டாம். இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டை முழுக்கத் தாழ்த்தி, கால்களால் தரையை உந்தி உந்திப் போகச் சொன்னால் சமநிலை தானாக வரும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி போகத் தொடங்கியதும் பெடலைப் பூட்டலாம். பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஆள் தேவையில்லை. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுழலும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கழற்ற வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புவரை காத்திருப்பதா?

சைக்கிள் பெண்கல்வியில் என்ன செய்கிறது என்பதற்கு நம்பகமான ஆய்வுகள் உள்ளன. பிகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் வழங்கும் திட்டம் தொடங்கியது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்தது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று 2017-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் கிராமப்புறப் பள்ளிச் சிறுமிகளிடையே நடந்த ஆய்விலும், சைக்கிள் பெற்றவர்களின் பயண நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பள்ளிக்கு வராமலிருப்பதும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

இந்தப் பாதையில் தமிழ்நாடு பிகாருக்கு முன்னோடி. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம், 2005-06-இல் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. ஆனால் இங்கே சைக்கிள் கைக்கு வருவது பதினொன்றாம் வகுப்பில். உயர்நிலைப் பள்ளி 5 கி.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இடைநிலைக் கல்விக்கான தேசிய அளவுகோல். அந்த 5 கி.மீ. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கும் 5 கி.மீ.தான், நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுநிலைப் பள்ளியை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டிய பதினான்கு வயதில், வசதியுள்ள குடும்பம் கடைக்குப் போகிறது. வசதியில்லாத குடும்பத்துப் பெண் இரண்டு ஆண்டு நடக்கிறாள், அல்லது எப்போதோ வரும் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள்.

வழங்கும் வகுப்பை ஒன்பதாக்கி, மாணவியின் உயரத்தைக் குறித்துக்கொண்டு 24, 26 என்று இரண்டு அளவுகளில் வண்டி கொடுத்தால் இந்த இடைவெளி அடைபடும். பள்ளிகளில் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் பதிவு செய்கிறார்கள். அளவு தெரிந்துகொள்ளத் தனிக் கணக்கெடுப்பு தேவைப்படாது. வண்டியோடு ஒரு காற்றடிக்கும் பம்பையும் ஒரு ஸ்பானரையும் கொடுத்து, பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் பிரேக் கேபிளை இறுக்கவும் ஒரு பிற்பகல் பயிற்சி தந்தால் போதும். புதுக்கோட்டை கிராமங்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பள்ளி மைதானத்தில் இந்தப் பழுதுபார்க்கும் பயிற்சியை நடத்த ஓர் உள்ளூர் மெக்கானிக்கும், ஒதுக்கிவைத்த சில மணி நேரமும் இருந்தால் ஆகும்.